ரெட்டையாள் பெட்டி

பெட்டியின் மேல் சிவப்புத் தாளில் ‘கண்ணாடி, கவனம்’ என்று ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது உடையாது என்று நம்புகிறவனைப் பார்த்தால் வேம்புலிக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு. பன்னிரண்டு வருஷம் குமணன்சாவடி லாரி ஆபீசில் லோடு ஏற்றி இறக்கியவன் அவன். எத்தனை சிவப்புத் தாளைப் பார்த்திருப்பான், அது ஒட்டின பெட்டிகளில் எத்தனையை லாரி மேலிருந்து கீழே நிற்கிறவன் கைக்கு வீசியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. பாதி நாள் கீழே நிற்கிறவன் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பான்.

சில பெட்டிகளில் எழுத்து இருக்காது. காலுள்ள கண்ணாடிக் கோப்பை ஒன்று படம் போட்டிருக்கும். உடைகிற சாமான் என்று அதற்கு அர்த்தமாம். லோடுமேன்கள் அதைப் பார்த்து நினைத்ததே வேறு. உள்ளே சீமைச் சரக்கு இருக்கிறது என்று நினைத்தார்கள். பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கேட்பார்கள். களக்களக் என்றால் பாட்டில். கலகல என்றால் யாரோ ஒரு புண்ணியவானுடைய கண்ணாடி. ஆட்டுகிறதுக்கு முன்னால் அந்தக் கலகல இருந்ததா என்று எவனும் யோசித்ததில்லை. வேம்புலியும் யோசித்ததில்லை. அதை நினைத்தால் அவனுக்குத் தன் மேலேயே கொஞ்சம் இளக்காரம் வரும். ஆனால் அந்தப் படத்தை வரைந்து அனுப்புகிற படித்த ஆள்களின் மேல் வருகிற இளக்காரத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

எண்பத்தெட்டில் அவன் இடுப்பு போயிற்று. கிரைண்டர் கல் ஒன்றை இரண்டு பேராகத் தூக்கி இறக்கும்போது, மறுமுனையைப் பிடித்திருந்தவன் பீடியை வாயில் சரிசெய்ய ஒரு கையை விட்டான். அவ்வளவுதான். ஆபீசில் இருந்த அத்தனை லோடுமேன்களும் சேர்ந்து அந்த ஆளை அடித்துத் துரத்தினார்கள். அன்றிலிருந்து குமணன்சாவடியில் ரெட்டையாள் சாமானில் எவனும் கையை விட்டதில்லை. வேம்புலிக்கு மூட்டை தூக்குகிற பிழைப்பு அத்தோடு முடிந்தது. ஒரு வருஷம் வீட்டில் கிடந்தான். அவன் மனைவி நாகவல்லி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருந்தாள். அவள்தான் முதலாளி எத்திராஜிடம் நின்று கெஞ்சி, அதே கம்பெனியில் அவனைப் பேக்கிங் பக்கம் சேர்த்துவிட்டாள்.

அங்கே செய்தது டியூப். அந்தக் காலத்தில் பெரிய ஓட்டல்களிலும் மீட்டிங் ஹால்களிலும் சுவர் அகலத்துக்குப் படம் காட்டுகிற புரொஜெக்டர் இருக்கும். அதற்கு முன்பக்கம் மூன்று கண்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும் ஒரு கண்ணாடி டியூப். பார்க்க ஊமத்தம்பூ மாதிரி இருக்கும். முகம் விரிந்து கனமாக, பின்னால் கழுத்து விரல் தடிப்பில் நீளமாக. உள்ளே காற்று கிடையாது. கழுத்தில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், ஸ்ஸ் என்று காற்று உள்ளே போய் டியூப் செத்துவிடும். மங்கின டியூப்பை வாங்கி, கழுத்தை அறுத்து, உள்ளே இருக்கிறதை மாற்றி, மறுபடி ஒட்டிக் கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். வாடிக்கைக்காரன் காத்திருக்க முடியாது என்பதால், செய்து வைத்ததை முதலில் அனுப்பிவிடுவார்கள். அவன் அதை மாட்டிக்கொண்டு, பழையதை அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புவான்.

அனுப்புகிற பகுதிக்குச் சூப்பர்வைசர் பாஸ்கரன். மூன்று வருஷம் டிப்ளமா படித்தவன். வயசு இருபத்தாறு. சட்டைப் பையில் ஒரு வெள்ளை ஸ்கேல் செருகியிருக்கும். டீ குடிக்கிற கிளாசைக்கூட அளந்து பார்க்கிற ஆள். டியூப்பை அவன் தூக்குகிற அழகைப் பார்க்க வேண்டும். கோழியைத் தூக்குகிற மாதிரிக் கழுத்தைப் பிடித்துத் தூக்குவான்.

முதல் நாளே வேம்புலி சொன்னான். “சார், மூஞ்சாண்ட ரெண்டு கையும் குட்த்துத் தூக்குங்க சார். கனம் அங்கதான கீது.”

“கழுத்துதான் பிடிக்க வசதி, வேம்புலி.”

“உங்களுக்கு வசதி சார். அதுக்கு?”

பாஸ்கரன் தெர்மகோலில் ஒரு பெட்டி போட்டிருந்தான். கழுத்தளவுக்கு ஓட்டை வெட்டி, அதில் கழுத்தை இறுக்கிச் செருகி, மேலே அட்டைப்பெட்டி, அதன் மேல் எட்டுத் தாள்: நாலு இங்கிலீஷ், ரெண்டு இந்தி, ரெண்டு கோப்பைப் படம். பெட்டி அழகாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு எடுத்துப் போகிற மாதிரி.

“கழுத்த மட்டும் இறுக்கிப் புடிச்சா மூஞ்சி சும்மா இருக்குமா சார்? வண்டி குலுங்கும்போது மூஞ்சி ஒரு பக்கம் இழுக்கும், கழுத்து வரமாட்டேன்னும். ஒடயாம இன்னா பண்ணும்?”

“நீ எத்தனாவது படிச்சே?”

“அஞ்சாவது.”

“நான் இதுக்குன்னு மூணு வருஷம் படிச்சிருக்கேன்.”

“அப்ப என்னவிட ரெண்டு கம்மி சார்,” என்றான் வேம்புலி. பக்கத்தில் பெட்டிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பாஸ்கரன் அதை மறக்கவில்லை. அந்த மாதிரி ஆள்களுக்குப் படித்தது மறக்கும், இது மறக்காது.

மதுரைக்குப் போன பெட்டி உடைந்து வந்தது. ஹூப்ளி ஓட்டல் ஒன்றுக்குப் போன பெட்டியும் உடைந்து வந்தது. மூன்று டியூப்பில் மூன்றும். கழுத்து எல்லாம் தெர்மகோல் ஓட்டையில் பத்திரமாக இருந்தது. முகம் தனியாகக் கிடந்தது. எட்டுத் தாளும் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தன.

எத்திராஜ் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் ஒன்றும் கெட்ட மனுஷன் இல்லை. எவன் கடைசியாகப் பேசுகிறானோ அவன் சொல்வதுதான் சரி என்று நினைக்கிற மனுஷன், அவ்வளவே. அன்றைக்குக் கடைசியாகப் பேசினவன் பாஸ்கரன்.

“டிசைன் கரெக்ட் சார். பேக் பண்ற கை சரியில்ல.”

எத்திராஜ் வேம்புலியின் கையைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் கயிறு அறுத்த கை. பார்க்க நன்றாக இருக்காது.

“ஹூப்ளிக்காரன் இன்னும் ஒரு தடவைதான் பார்ப்பான்யா. இதுவும் ஒடஞ்சுதுன்னா நீ நின்னுக்க. பேக்கிங்கை வெளியே குடுத்துடறேன்.”

வேம்புலிக்குத் திரும்பிப் போகிறதுக்கு லாரி ஆபீசில் இடம் இல்லை. அவன் இடுப்புக்கு ஒரு குடம் தண்ணீரே அதிகம். மகள் வேறு பிரசவத்துக்கு வந்து வீட்டில் நிறைமாதமாக இருந்தாள்.

“நிக்கறேன் சார். ஆனா ஒண்ணு. இந்த வாட்டி பொட்டி என் பொட்டி. பாஸ்கரன் சார் தாளு வேணும்னா ஒட்டிக்கட்டும், நான் வாணான்னு சொல்லல. உள்ள கைவெக்கக் கூடாது.”

எத்திராஜ் பாஸ்கரனைப் பார்த்தார். பாஸ்கரன் தோளைக் குலுக்கினான். விழட்டும் என்கிற குலுக்கல் அது.

வேம்புலி நாலு நாளில் பெட்டியைச் செய்தான். பழைய பேக்கிங் மரத்தில் நாலடி நீளம். உள்ளே ஒரு சட்டம். சைக்கிள் கடையில் கிழிந்த ரப்பர் டியூப் வாங்கிவந்து, பட்டை பட்டையாக வெட்டி, அதில் மூன்று டியூப்பையும் முகத்தைக் கீழாக வைத்துத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டான். சுற்றிலும் தேங்காய் நார். கழுத்துகள் மேலே காற்றில் நின்றன. நாலு பக்கமும் நாலு விரல் இடம். ஒன்றும் அவற்றைத் தொடவில்லை. பெட்டியின் இரண்டு முனையிலும் மட்டும் பிடி.

அப்புறம் அவன் செய்ததுதான் முக்கியம். அதை எவனிடமும் சொல்லவில்லை. பெட்டிக்கு அடியில் ஒரு கள்ள அறை வைத்து, மேலே பலகை அடித்துப் பிரித்து, அதில் பன்னிரண்டு செங்கல்லை வைக்கோலோடு இறுக்கி அடுக்கினான். பின்னால் காம்பவுண்டு சுவர் கட்ட வந்து கிடந்த கல்.

இது ஏன் என்று லோடுமேனுக்கு மட்டும்தான் தெரியும். மூட்டை என்றால் நூறு கிலோவையும் ஒருத்தன் தூக்குவான். மூட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூலை உள்ள மரப்பெட்டி அப்படி ஒட்டாது, முதுகெலும்பைக் குடையும். முப்பது கிலோ பெட்டி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தன் தலையில் வைப்பான், இறக்குகிற இடத்தில் பொத்தென்று போடுவான். அது ஒத்தையாள் பெட்டி. எழுபது கிலோ என்றால் ஒருத்தன் தொடமாட்டான், “மச்சான், ஒரு கை புடி” என்பான். அது ரெட்டையாள் பெட்டி. ரெட்டையாள் பெட்டி பறக்காது. நடக்கும். ஒருத்தன் விட்டால் இன்னொருத்தன் கால் விரல் நசுங்கும் என்பதால் இரண்டு பேரும் கண்ணைப் பார்த்துக்கொண்டே இறக்குவார்கள், மெதுவாக, ‘வுடு, வுடு’ என்று சொல்லிக்கொண்டு. கண்ணாடிக்காக எவனும் பயப்படமாட்டான். விரலுக்காகப் பயப்படுவான். இதைப் பாஸ்கரனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்கேலை எடுத்து விரலை அளப்பான்.

பெட்டிக்கு ஆணி அடித்து முடித்த அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். நாகவல்லி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். வாட்ச்மேன் அறைக்குப் போன் வந்ததாம்.

“யோவ், நம்ம பொண்ண பூந்தமல்லி பெரியாஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். வா, வா. அந்தச் சுத்தியல அங்க வுட்டுட்டு வாய்யா!”

சுத்தியலைக் கையில் பிடித்தபடியேதான் அவன் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆயா துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். உலகத்தில் எவனையும் மதிக்காத வேம்புலி அந்த இரண்டே முக்கால் கிலோவைப் பார்த்ததும் கையைச் சட்டையில் மூன்று தரம் துடைத்தான். பிறகு, பழக்க தோஷத்தில், தலையையும் உடம்பையும் தாங்கிக்கொண்டு கழுத்தைக் காற்றில் விட்டான்.

“கழுத்தப் புடிய்யா! கழுத்தப் புடி! ஆளப் பாரு,” என்று ஆயா அதட்டினாள்.

“எங்க கம்பெனில கழுத்தத் தொடக்கூடாதும்மா.”

“உங்க கம்பெனி கொயந்தைய அங்கயே வெச்சிக்க. இது எங்க கம்பெனி.”

வேம்புலி சிரித்தான். அந்த ஆயா அவனை ‘ஆளப் பாரு’ என்றதற்கு அவனுக்குக் கோபமே வரவில்லை. குழந்தை அவன் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. இவள் ரெட்டையாள் சாமானில் கைவிடாத ஜாதி என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நின்றான், இடுப்பு வலிக்க வலிக்க.

சாயங்காலம் ஒரு பொட்டலம் கல்கண்டு வாங்கிக்கொண்டு குமணன்சாவடியில் இறங்கினான். பழைய கூட்டாளிகளுக்குக் கொடுக்காமல் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க் ஹபிபுல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்பெனிச் சரக்கும் போகிற பெங்களூர் லாரி லோடு ஏறிக்கொண்டிருந்தது.

“பேத்தியா? மாஷா அல்லா! இன்னும் ரெண்டு கல்கண்டு குடு, சும்மா துளியூண்டு வெக்கிற,” என்றார் ஹபிபுல்லா.

அப்போதுதான் வேம்புலி அதைப் பார்த்தான். தங்கவேல், இவன் காலத்தில் புதிதாகச் சேர்ந்த லோடுமேன், நாலடி மரப்பெட்டி ஒன்றைத் தனியாகத் தலையில் வைத்துக்கொண்டு லாரியைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். ஒரு கை பெட்டியில், ஒரு கை வீச்சாக. வாயில் பாட்டு வேறு. பெட்டியின் மேல் எட்டுச் சிவப்புத் தாள்.

வேம்புலியின் கையில் இருந்த கல்கண்டு கீழே சிதறிற்று. ஒரு ஆள் தூக்குகிறான் என்றால் செங்கல் உள்ளே இல்லை. செங்கல் இல்லை என்றால் இவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எவனோ பெட்டியைத் திறந்திருக்கிறான். எவன் என்று யோசிக்கத் தேவையில்லை.

“டேய் தங்கவேலு! நில்லுடா! எறக்குடா அத்த!”

“இன்னா அண்ணாத்தே, பேத்தி பொறந்தா இப்டிக் கத்துவியா?”

“எறக்குடான்னா! மெதுவா. நானும் புடிக்கிறேன்.”

“உன் இடுப்புக்கா? வுடு அண்ணாத்தே,” என்று தங்கவேல் குனிந்து, வேம்புலி ஓடிவந்து மறுமுனையைத் தாங்க, பெட்டி தரைக்கு வந்தது. வேம்புலியின் இடுப்பில் சுரீரென்று ஒன்று ஓடிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் தட்டிப் பார்த்தான். அடியில் டொக்கென்று காலியாகச் சத்தம் கேட்டது.

“இப்ப இன்னா, நாங்க ரெண்டு பேரா ஏத்தணும், அவ்ளோதான? ஏத்தறோம் வா,” என்றான் தங்கவேல்.

“இங்க நீ ஏத்துவ. நான் சொன்னா நீ கேப்ப. பெங்களூர்ல வண்டி மாத்தறவன் கேப்பானா? ஹூப்ளில எறக்கறவன் எனக்கு மாமனா, மச்சானா?”

ஹபிபுல்லா டீ கிளாசோடு வந்தார். “இன்னாப்பா, புக் ஆன சரக்கு அது. ரசீது போட்டாச்சி.”

“பாய், இத்தத் தொறக்கணும்.”

“தொறந்தா திருட்டு கேசுப்பா. உனக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது.”

“திருட வரல பாய். உள்ள வெக்கத்தான் வந்துகீறேன். இது ஒடஞ்சா எனக்கு வேல போச்சு.”

ஹபிபுல்லா அவனைப் பார்த்தார். கிரைண்டர் கல் விழுந்த அன்றைக்கு இவனை ஆட்டோவில் ஏற்றினவர் அவர்தான். ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று, காலி கிளாசில் இருந்து நிதானமாக டீ குடிக்க ஆரம்பித்தார்.

சுத்தியல் வேம்புலியின் இடுப்பில்தான் இருந்தது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு அடியில் இருந்த பக்கப் பலகையைப் பெயர்த்தான். கள்ள அறையில் வெறும் வைக்கோல். செங்கல்லை எடுத்தவன் வைக்கோலை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தான். மேலே சட்டத்தைத் தொடவில்லை. அந்தப் புத்தியாவது இருந்தது. வேம்புலி கனமாக என்ன கிடைக்கும் என்று சுற்றிலும் பார்த்தான். ஷெட்டு ஓரத்தில் பழைய லாரி ஒன்று டயருக்கு முட்டுக்கொடுத்து நின்றது. முட்டுக்கு இரண்டு கருங்கல். ஒவ்வொன்றும் இருபது கிலோ இருக்கும், கிரீசில் ஊறி, வெள்ளைப் பெயிண்டில் லாரி நம்பர் எழுதி.

“தங்கவேலு, அத்தத் தூக்கிகினு வா.”

“அண்ணாத்தே, டிரைவர் பாத்தா தோல உரிச்சிடுவான்!”

“வண்டி சமதரையிலதான் நிக்குது, ஓடாது. சீக்கிரம் எடுறா.”

இரண்டு கல்லையும் சாக்கில் சுற்றி, அறையில் வைத்து, இம்மி அசையாதபடி சுற்றிலும் மரத்துண்டு சொருகி, பலகையை அடித்தான் வேம்புலி. “இப்பத் தூக்கு,” என்றான்.

தங்கவேல் குனிந்து தம் கட்டினான். பெட்டி ஒரு விரல்கட்டை எழும்பி இறங்கியது. அவன் நிமிர்ந்து, லாரிப் பக்கம் திரும்பி, “மச்சான், ஒரு கை புடி!” என்று கூவினான்.

அந்தக் கூவலைக் கேட்ட பிறகுதான் வேம்புலி கீழே சிதறின கல்கண்டைப் பொறுக்கினான்.

மறுநாள் காலை எத்திராஜின் மேஜை மேல் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் பன்னிரண்டு செங்கல் அடுக்கியிருந்தது. பாஸ்கரன் பக்கத்தில் நின்றான். பெட்டி எடை போடும்போது எழுபது கிலோ காட்டிற்றாம், சந்தேகப்பட்டுத் திறந்தானாம். கண்ணாடி டியூப்போடு செங்கல் அனுப்புகிற ஒரு ஜென்மத்தை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லையாம். அலுவலகமே வந்து செங்கல்லைப் பார்த்துச் சிரித்தது. நாகவல்லி வாசலில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாய்யா இது? மூளை இருக்கா?” என்றார் எத்திராஜ்.

ரசீது போட்ட பெட்டியைத் திறந்தேன் என்று சொன்னால் தங்கவேலும் ஹபிபுல்லாவும் மாட்டுவார்கள். வேம்புலி வாயைத் திறக்கவில்லை. பாஸ்கரனையே பார்த்துக்கொண்டிருந்தான், கக்கூஸ் குழாயில் அடைத்திருப்பதைப் பார்க்கிற மாதிரி.

ஆறாம் நாள் ஹூப்ளியில் இருந்து போன் வந்தது. மூன்று டியூப்பும் நன்றாக இருக்கின்றன, மாட்டியாயிற்று, படம் பளிச்சென்று தெரிகிறது.

வேம்புலி மூச்சு விட்டான். அதை முழுசாக விடுவதற்குள் பாஸ்கரன் பேசிவிட்டான்.

“பாத்தீங்களா சார்? செங்கல்லை எடுத்தேன், பத்திரமா போய்ச் சேர்ந்திடுச்சு. வெயிட்டுதான் பிரச்சனையே. இன்னும் கொஞ்சம் சின்னதாக்கி அட்டையிலேயே பண்ணிடலாம். இதுக்குத் தனியா ஒரு ஆள் தேவையே இல்ல. பொண்ணுங்களே செஞ்சிடுவாங்க.”

கடைசியாகப் பேசினவன் அவன். எத்திராஜ் தலையை ஆட்டினார். “மாசக் கடைசி வரைக்கும் இருய்யா வேம்புலி,” என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்சில் நாகவல்லி பொரிந்து தள்ளினாள். “ஒடஞ்சாலும் உன்ன அனுப்பறான், ஒடயலன்னாலும் அனுப்பறான். வாயில இன்னா கொழக்கட்டையா வெச்சிருந்த? சொல்ல வேண்டியதுதான?”

“பொட்டி திரும்பி வரணுமில்ல? வரட்டும்.”

“வந்தா?”

“அது பேசும்.”

“பொட்டி பேசுமாம்! ஊட்ல கீற பச்சப்புள்ளயே இன்னும் பேசல,” என்றாள் நாகவல்லி. ஆனால் அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை.

அதற்குப் பதினாலு நாள் கழித்து, மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது, பழைய டியூப்புகளோடு பெட்டி திரும்பி வந்தது. டெம்போவில் கொண்டுவந்தவன் தங்கவேல், கூட இன்னொருத்தன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ‘வுடு, வுடு’ என்று சொல்லிக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார்கள். எத்திராஜ் அறையில் இருந்து அதைப் பார்த்தார்.

“பழைய டியூப்புக்கு இவ்வளவு கனமா? ஹூப்ளிக்காரன் என்னத்தப் போட்டு அனுப்பியிருக்கான்?” என்றான் பாஸ்கரன். அவனே ஆணி பிடுங்கினான். மேல் சட்டத்தில் மங்கின டியூப் மூன்றும் ரப்பர்ப் பட்டையில் தொங்கின, முழுசாக. ஸ்கேலை எடுத்துப் பெட்டியின் உள் ஆழத்தையும் வெளி உயரத்தையும் அளந்தான். நினைவு வந்தவன் போல அடியில் இருந்த பக்கப் பலகையைப் பெயர்த்தான்.

சாக்கை விலக்கினதும் கிரீஸ் அவன் சட்டைக் கையில் அப்பியது.

பெட்டிக்குள் எட்டிப்பார்த்த தங்கவேல் இரண்டு கையையும் தட்டினான். “ஐயே, எங்க ஆபீஸ் கல்லு! இருவது நாளா டிரைவர் எங்க எல்லாத்தையும் திட்டிகினு கீறான் சார். அண்ணாத்தே, ஹூப்ளி வரைக்கும் போய்ச் சுத்திப் பாத்துட்டு வந்துகீது பாரு!”

யாரும் சிரிக்கவில்லை. எத்திராஜ் அறையை விட்டு வெளியே வந்தார். கல்லைப் பார்த்தார். முழுசாக இருந்த டியூப்பைப் பார்த்தார். பாஸ்கரனின் சட்டைக் கையைப் பார்த்தார்.

“இதை யாரு வெச்சது?”

“நான்தான் சார்,” என்றான் வேம்புலி. “செங்கல்ல இவுரு எடுத்துட்டாரு. லாரி ஆபீஸ்ல ஒத்த ஆளு தலைல வெச்சிகினு போனான், பாத்தேன். அதான் இத்த வெச்சேன். இது போவும்போதும் இருந்துது, அங்க எறக்கும்போதும் இருந்துது, வரும்போதும் இருந்துது. வெயிட்டு இல்லாததாலதான் ஒடயலன்னு சார் சொன்னாரே, அந்தப் பொட்டி இதுதான் சார்.”

“அதுக்கு எதுக்குய்யா கல்லு?”

“தூக்கிப் பாருங்க.”

எத்திராஜ் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. சட்டென்று பாஸ்கரனைப் பார்த்து, “இந்தாப்பா, அந்தப் பக்கம் பிடி,” என்றார். பாஸ்கரன் பிடித்தான். இரண்டு பேரும் தூக்கினார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே, கால் விரலைத் தள்ளி வைத்துக்கொண்டே, மெதுவாக இறக்கினார்கள்.

“தோ, இதுக்குத்தான் சார்,” என்றான் வேம்புலி.

எத்திராஜ் கையில் ஒட்டின தூசியைத் தட்டினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முதலாளிகளுக்கு அந்த எலும்பை வைத்துக் கடவுள் படைப்பதில்லை போலிருக்கிறது. “நீ இருய்யா,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு ஒரு தடவையாவது கடைசியாகப் பேசினவன் வேம்புலி.

அன்று சாயங்காலம் நாகவல்லி அவனுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிப்போய் மகளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். வேம்புலி போனதும் பேத்தியை வாங்கி, பின்னங்கழுத்தில் முழு உள்ளங்கையையும் கொடுத்துப் பிடித்தான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குழந்தையைத் தூக்க வந்தபோது, “கழுத்தப் புடி, கழுத்தப் புடி! படிச்ச பொண்ணுதான நீ?” என்று அதட்டினான். ஆயா அவனைத் திட்டினதை யாரிடமும் சொல்லவில்லை.

பாஸ்கரன் சும்மா இருந்தானா என்றால், இல்லை. அடுத்த மாதமே செங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் பதிலாக சிமென்ட்டில் வார்த்த கட்டை வந்தது, கள்ள அறையின் அளவுக்குச் சரியாக. அவன் ஸ்கேலில் அளந்து படம் வரைந்து, ஃபைல் போட்டு, எத்திராஜிடம் கையெழுத்து வாங்கியிருந்தான். யோசனை முழுக்கத் தன்னுடையது என்று ஃபைலில் நாலு பக்கம் இங்கிலீஷ். ஒவ்வொரு கட்டையிலும் சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே தன் பெயரைக் குச்சியால் இங்கிலீஷில் எழுதியிருந்தான். வேம்புலி கட்டையைத் தட்டிப் பார்த்தான். கனமாக, திடமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது. பெட்டி பெட்டியாக அதை வைத்து ஆணி அடித்தான். அதற்குப் பிறகு ஒரு டியூப் கூட உடையவில்லை.

தங்கவேல் ஒரு நாள் சரக்கு எடுக்க வந்தவன், இன்னும் மூடாத பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். அவனுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

“இன்னா அண்ணாத்தே, கட்டைல இன்னாமோ எழுதிகீது?”

“பேரு.”

“யார் பேரு?”

“கல்லோட பேரு மாமே,” என்றான் வேம்புலி. “அந்தப் பக்கம் புடி, தூக்கு.”